உயிர் இருக்கா, நாயக்கரே?

4-8-1961, வெள்ளிக்கிழமை

பழைய குறிப்பேடு நேற்றுடன் நிறைந்தது. அதில் உள்ள ஒரு பிழையை இங்கே முதலில் சரிசெய்கிறேன். நாய்க்குட்டி என் வீட்டுக்கு வந்த நாள் 3-11-1960 என்று எழுதியிருக்கிறேன். 4-11-1960 என்பதே சரி. ஏலத்தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரை, மலையிலிருந்து இறங்கும் வழியில் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. ஆகவே வெள்ளி என்று பெயரிட்டேன். "கறுப்பு நாய்க்கு வெள்ளின்னு பேரு வச்ச ஆளு இந்த ஜில்லாவுலேயே நம்ம நாயக்கரு ஒருத்தருதான்" என்று நத்தர்சா ராவுத்தர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

இன்று முறையான பயிற்சி தொடங்கியது. பின்னால் எவருக்கேனும் பயன்படலாம் என்பதால் விதிகளைக் குறித்துவைக்கிறேன். ஒரு செயலுக்கு ஒரே சொல்தான். "போ" என்று ஒரு நாளும் "ஓடு" என்று மறுநாளும் சொன்னால் நாய் இரண்டையும் மதிக்காது. பத்து நிமிடத்துக்கு மேல் பழக்கக் கூடாது. அதற்கு அலுப்புத் தட்டுமுன் நாம் நிறுத்திவிட வேண்டும். பழைய காலுறைக்குள் பஞ்சை அடைத்து, அதன்மேல் கவுதாரி இறகைச் சுற்றிக் கட்டி எறிந்து எடுத்துவரச் சொல்ல வேண்டும். வாயில் இருப்பதைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் நாய் இறுக்கும். ஒருமுறை இறுக்கப் பழகிய வாய் பிறகு தளராது.

நான்கு சொற்களைத் தேர்ந்தேன்: உட்கார், போ, பத்திரம், கொடு. பறவையைக் கவ்வி வரும்போது மூன்றாவது சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும். "ரிஜிஸ்தர் ஆபீசை விட்டு வந்து பதினோரு வருசமாச்சு. இன்னும் பத்திரம், பத்திரம்னுதான் வாயில வருது" என்றார் ராவுத்தர். நான் சார்பதிவாளராக ஓய்வுபெற்றது 30-6-1950 பிற்பகல். பதினோரு வருடம் ஒரு மாதம் ஆகிறது.

இவ்வளவு பாடும் ராவுத்தருக்காகத்தான். சுட்டு விழுந்த பறவை உயிரோடு அவர் கைக்கு வர வேண்டும். மேற்கே பார்த்து, இறைவன் பெயரைச் சொல்லி, அவர் கழுத்தை அறுத்தால்தான் அது அவர் வீட்டுக்கு ஆகும். அதற்குள் செத்துவிட்டால் தொடமாட்டார். இருபத்திரண்டு வருடமாக நாங்கள் சேர்ந்து வேட்டைக்குப் போகிறோம். முன்பு அவரே சுடுவார், அவரே ஓடி எடுப்பார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததால் சென்ற வருடம் துப்பாக்கியை விட்டுவிட்டார். இப்போது வரப்பையே காலால் தடவித்தான் நடக்கிறார். ஆகவே ஏற்பாடு இது: நான் சுடுவேன், வெள்ளி எடுத்து வரும், ராவுத்தர் அறுப்பார். பறவைகளில் பாதி அவருக்கு.

20-8-1961, ஞாயிற்றுக்கிழமை

முட்டைப் பயிற்சியின் பதினோராம் நாள். கோழிமுட்டையை வாயில் வைத்து, கிணற்றடியிலிருந்து வாசல்வரை உடையாமல் கொண்டுவர வேண்டும். முதல் ஏழு நாட்களில் ஏழு முட்டைகள் உடைந்தன. எட்டாம் நாள் ஓட்டில் விரிசல் மட்டும். இன்று முழு முட்டை. ராவுத்தர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"நாயக்கரே, இது நாயா, கோழியா? இன்னும் ஒரு வாரம் விட்டீங்கன்னா அடைகாத்து குஞ்சு பொரிச்சிரும்."

பிறகு கெண்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். நாயின் எச்சில் பட்டால் அவர் கழுவாமல் இருந்ததில்லை. ஆனால் வெள்ளியின் தலையைத் தடவாமலும் போனதில்லை.

நான் மிகுந்த திருப்தியுடன் இருந்தேன். இந்தத் தாலுகாவில் இத்தகைய வாய் வேறு எந்த நாய்க்கும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். நான்கு பேரிடம் சொன்னேன் என்பதையும் குறிக்க வேண்டும்.

17-9-1961, ஞாயிற்றுக்கிழமை

கோவிந்தன்குளத்தில் ஒரு நாமக்கோழி. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீரில் திரியும் கறுப்புப் பறவை. சிறகில் மட்டும் குண்டு பட்டு, கோரைக்குள் விழுந்து துடித்தது.

"நாயை விடாதீங்க" என்றார் ராவுத்தர். நீர் அடிபடும் சத்தத்திலிருந்தே என்ன பறவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அதோட கால் நகம் முள்ளு மாதிரி. புதுநாய்க்கு மொதப் பறவை சாதுவா இருக்கணும். ரெண்டு மாசம் பொறுங்க, உள்ளான் குருவி வந்துரும்."

குளக்கரையில் ஓய்வுபெற்ற தாசில்தாரும் அவர் மருமகனும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் "போ" என்றேன்.

பறவை வெள்ளியின் இமையைக் கீறிவிட்டது. வெள்ளி ஒரு முறை கத்திற்று. பிறகு கடித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கரைவரை கேட்டது. தாசில்தார் "நல்ல தைரியமான நாய்" என்றார்.

காயம் சிறிது. மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறேன். பொருட்படுத்தத் தக்க நிகழ்ச்சி அன்று.

12-11-1961, ஞாயிற்றுக்கிழமை

பருவத்தின் முதல் வேட்டை. காலை 5.40-க்கு ராவுத்தர் வழக்கம்போல் தெருமுனையில் நின்றார். அறுத்த வயல்களின் சேற்றில் உள்ளான் இறங்கியிருக்கிறது. எட்டாம் நம்பர் தோட்டா. உள்ளான் எழும்பிய கணத்தில் கோணல்மாணலாகப் பறக்கும். அது நேராகும்வரை பொறுத்துச் சுட வேண்டும். சுட்ட சத்தம் கேட்டதும் நாய் ஓடாமல் உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சியின் பாதி. வெள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கொண்டுவந்தது 6.

நான்காவது பறவையை நான் வாங்கியபோது விலா அமுங்கியிருந்தது. துடிப்பு இருந்தது என்றே கருதினேன். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. ராவுத்தர் கத்தியை விரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"உயிர் இருக்கா, நாயக்கரே?"

"இருக்கு" என்றேன்.

அவர் பிஸ்மி சொல்லி அறுத்தார். சற்று நேரம் பறவையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தன் பையில் போட்டுக்கொண்டு, "காத்து மாறுது. கெழக்கே போவோம்" என்றார்.

உயிருடன் 6.

13-11-1961, திங்கட்கிழமை

துரை விட்டுச்சென்ற வேட்டைநாய்ப் புத்தகத்தில் 'வாய் கெட்ட நாய்' என்ற அத்தியாயத்தை மீண்டும் படித்தேன். பஞ்சுப் பொதியில் சிறு ஆணிகளைக் குத்தி, முனை வெளியே தெரியும்படி கட்டினால், இறுக்கும் நாய் தானே தளர்த்தப் பழகும் என்று இருக்கிறது. அதுவும் பயன்படாவிடில் நாயைச் சுட்டுவிட வேண்டும் என்றும் இருக்கிறது. இதை இரண்டு மாதங்களுக்கு முன் வேடிக்கையாக ராவுத்தருக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்க வேண்டாம்.

வெள்ளி இதை எழுதும்போது என் செருப்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.

3-12-1961, ஞாயிற்றுக்கிழமை

கொண்டுவந்தது 7. உயிருடன் 7. பேனா ஒழுகுகிறது, இந்தப் பக்கத்தில் எண்ணருகே மூன்று மைப்புள்ளிகள் விழுந்துவிட்டன.

ஆணிப் பயிற்சி பத்தொன்பது நாட்களாக நடக்கிறது. பொதியை மிக மிருதுவாகக் கொண்டுவருகிறது. பறவை என்றால் மட்டும், அதிலும் அது வாயில் அசைந்தால் மட்டும், மறந்துவிடுகிறது. அதன் இமையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

திரும்பும்போது ராவுத்தர் வீட்டில் காபி. அவர் மனைவி மைமூன் பீவி வாசற்படியில் பூனையைக் காலால் ஒதுக்கிவிட்டு வழிவிட்டார். அந்தப் பூனை அளவுமீறிப் பருத்திருக்கிறது. அடிவயிறு தரையில் படுகிறது.

"அண்ணே, இதுக்கு வந்த வாழ்வைப் பாருங்க" என்றார். "ஞாயித்துக்கெழமைன்னா விடியவே வாசல்ல வந்து ஒக்காந்துக்குது."

"உள்ள போ, அடுப்பைப் பாரு" என்றார் ராவுத்தர்.

31-12-1961, ஞாயிற்றுக்கிழமை

ஆண்டிறுதிச் சுருக்கம். 12-11 முதல் இன்றுவரை எட்டு ஞாயிறுகள். வெள்ளி கொண்டுவந்த பறவைகள் 38. உயிருடன் 38.

அடித்தலோ திருத்தலோ ஒன்றுகூட இல்லாத பதிவேட்டைக் கண்டால், பணியில் இருந்த காலத்தில் நான் முதலில் மையின் நிறத்தைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே நாளில் எழுதியதாக இருக்கும். எனது பதிவு அவ்வப்போது எழுதப்பட்டதுதான்.

10-1-1962, புதன்கிழமை

மாலை 4.15-க்கு ராவுத்தர் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். மைமூன் பீவி குழிப்பணியாரம் வைத்தார். மூன்று உண்டேன். பிறகு அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்து இவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் 20, 21 தேதிகளில் கண்புரை எடுக்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள். திரும்ப எப்போது வருவார்கள் என்பது தெரியாது.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னாத்தான் இவருக்கு வேதவாக்கு."

"பயமில்லை" என்றார் ராவுத்தர். "கத்தியைப் பாத்து நான் பயப்படுவனா? நாயக்கரு படிச்சவரு. போன்னா போறேன். கண்ணு தெரிஞ்சா மொதல்ல அந்த நாயைப் பாக்கணும். அது கறுப்புதானான்னே எனக்கு இன்னும் சந்தேகம்."

நோட்டீஸை இருமுறை படித்தேன். பின்வரும் மூன்று காரணங்களைச் சொன்னேன். ஒன்று, புரை நன்கு முற்றிய பிறகு எடுப்பதே நல்லது என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. இரண்டு, பள்ளிக்கூடத்தில் தூசி அதிகம். மூன்று, தை மாதப் பனிக்காற்று புண்ணுக்கு ஆகாது. பருவம் முடியட்டும், கோடையில் நானே மதுரைக்கு அழைத்துப்போகிறேன் என்றும் சொன்னேன்.

மைமூன் பீவி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ராவுத்தர் நோட்டீஸை நான்காக மடித்தார்.

"நீங்க சொன்னாச் சரி" என்றார்.

மூன்று காரணங்களும் தம்மளவில் சரியானவை.

21-1-1962, ஞாயிற்றுக்கிழமை

பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி வயல்வரை கேட்டது. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ராவுத்தர் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கருப்பாயி கெழவி போயிருக்கு. சங்கிலித்தேவர் போயிருக்காரு. ஊருல பாதிக் குருடு இன்னைக்குத் தீந்துரும் போல" என்றார்.

கொண்டுவந்தது 5. ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் ஒரே பதிலைச் சொன்னேன்.

திரும்பும்போது பாலத்தருகே இரண்டு மாட்டுவண்டிகள் எதிரே வந்தன. உள்ளே கண்ணில் பச்சைத் துணி கட்டிய கிழவர்கள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். ராவுத்தர் ஒதுங்கி வழிவிட்டு, "என்ன வண்டி?" என்று கேட்டார். கரும்பு வண்டி என்றேன்.

பேனா மிகவும் ஒழுகுகிறது.

7-2-1962, புதன்கிழமை

நோன்பு தொடங்கிவிட்டது. இனி இப்பருவத்தில் ராவுத்தர் வரமாட்டார். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் இட்டு உறையில் போட்டேன்.

11-4-1962, புதன்கிழமை

கோடை வந்துவிட்டது. மதுரைப் பயணத்தை ராவுத்தரிடம் நினைவூட்ட வேண்டும். பல்வலி.

6-5-1962, ஞாயிற்றுக்கிழமை

பக்ரீத் முடியட்டும் என்று இருக்கிறேன்.

27-5-1962, ஞாயிற்றுக்கிழமை

வியாழக்கிழமை, 24-5-1962, காலை மைமூன் பீவி ஆள் அனுப்பினார். போனபோது ராவுத்தர் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். வலக்கண் இரத்தமாகச் சிவந்து வீங்கியிருந்தது. இரண்டு நாட்களாக வாந்தியாம். 9.10 பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். வழியெல்லாம் அவர் என் தோளில் நெற்றியை அழுத்திக்கொண்டு வந்தார். ஒரு முறையும் முனகவில்லை.

டாக்டர் இளைஞர். விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். புரை முற்றிப்போய் உள்ளேயே கசிந்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பைக் கெடுத்துவிட்டதாம். வலியைத் தணிக்கலாம், அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை வராது.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? ஜனவரில உங்க ஊருக்கே வந்தோமே. அப்ப எடுத்திருந்தா இந்தக் கண்ணு பொழைச்சிருக்கும்."

நான் ராவுத்தரைப் பார்த்தேன். அவருக்கு நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது தெரியாது.

"வேலை இருந்துச்சுங்க" என்றார் அவர்.

"என்ன வேலை?"

"உள்ளான் சீசனுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார். சிநேகிதர் என்றேன்.

9-6-1962, சனிக்கிழமை

இடக்கண்ணில் புரை எடுத்தார்கள். நன்றாக முடிந்தது. எட்டு நாள் அசையக் கூடாது. தலையின் இருபுறமும் மணல்மூட்டை வைத்திருக்கிறார்கள். நான் பக்கத்து விடுதியில் தங்கி, செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறேன். "உங்க குரல்ல கேட்டா சாவுச் செய்திகூட கிரையப் பத்திரம் மாதிரி இருக்கு" என்கிறார்.

29-7-1962, ஞாயிற்றுக்கிழமை

கண்ணாடி வந்தது. சோடாப்புட்டியின் அடிப்பாகம் போன்ற கனம். காலை 8.30-க்கு என் வாசலில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடடா. நீங்க இம்புட்டுக் கெழவராயிட்டீங்களா நாயக்கரே? சொல்லவே இல்லையே."

பிறகு வெள்ளியைப் பார்த்தார். அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தது. குனிந்து, ஒற்றைக் கண்ணை அதன் முகத்தருகே கொண்டுபோனார்.

"கறுப்புதான்" என்றார். இமையின் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். "இது நாமக்கோழி கீறுனதா?"

ஆம் என்றேன்.

11-11-1962, ஞாயிற்றுக்கிழமை

பருவத்தின் முதல் நாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என நேற்று யோசித்தேன். சொல்லவில்லை. 5.40-க்கு அவர் தெருமுனையில் நின்றார்.

6.50-க்கு முதல் உள்ளான் விழுந்தது. ராவுத்தருக்குக் கண்ணாடி வழியே பார்வை நன்றாக இருந்தது. எட்டு வரப்புக்கு அப்பால் நின்ற கொக்குகளை எனக்கு முன்பே எண்ணிச் சொல்லியிருந்தார். வெள்ளி பறவையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. தலை தொங்கிற்று. அலகின் ஓரம் இரத்தம். சிறு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ராவுத்தர் கத்தியை விரித்தார். ஆனால் பறவையைப் பார்க்கவில்லை. முகத்தை மேற்கே மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"உயிர் இருக்கா, நாயக்கரே?"

வெள்ளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் கத்தியை மடக்கினார். "சரி. அப்ப இது உங்க பங்கு."

வரப்பில் உட்கார்ந்தோம். ஈரம் வேட்டியில் ஏறியது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். உசுரோட இருக்கிறதை அறுத்தா ரத்தம் கையில வந்து முட்டும். செத்ததை அறுத்தா சும்மா ஒழுகும். நாப்பது பக்ரீத்து அறுத்த கை இது. கத்திக்குக் கண்ணு எதுக்கு?"

"அந்தப் பறவைகளை என்ன செய்தீர்கள்?"

"பூனையைப் பாத்தீங்கள்ல? உசுரோட வந்தது எங்களுக்கு, வராதது அதுக்கு. மைமூனுக்கும் தெரியும். நாயக்கரண்ணன் வந்தா வாயைத் தெறக்காதேன்னு சொல்லி வச்சிருந்தேன். அது எங்க கேக்குது."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவர் வெள்ளியின் காதைப் பிடித்து மெதுவாக இழுத்தார். "சொன்னா? வாய் கெட்ட நாயைச் சுட்டுரணும்னு நீங்கதானே புஸ்தகத்துல படிச்சுச் சொன்னீங்க. சுடாட்டியும், வேட்டையை நிப்பாட்டிருப்பீங்க. உங்க ரோசம் எனக்குத் தெரியாதா? அப்புறம் கண்ணு தெரியாதவனை ஞாயித்துக்கெழமை யாரு வயலுக்குக் கூட்டிட்டு வருவா? நாலு சுவத்துக்குள்ள கயித்துக் கட்டில்ல கெடந்திருப்பேன். பாவத்தை எண்ணிக்கிட்டிருக்கிறதைவிட உங்க பொய்யை எண்ணிக்கிட்டிருக்கிறது எனக்கு நல்லா இருந்துச்சு."

அவர் சிரித்தார். கண்ணாடி மூக்கில் குலுங்கிற்று.

நான் சிரிக்கவில்லை. பறவையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜனவரியைப் பற்றித் தெரியாது. கத்தி அதைச் சொல்லாது.

16-11-1962, வெள்ளிக்கிழமை

பத்திரத்தில் அடித்தாலும் திருத்தினாலும், எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருந்தது, என்ன ஆயிற்று என்று அடியில் எழுத வேண்டும். திருத்தத்தால் எவருக்குப் பாதிப்போ அவருக்குப் படித்துக் காட்டி, அவர் கையொப்பத்தையும் பெற வேண்டும். முப்பத்தொரு வருடம் இதைப் பிறரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடித்தல் திருத்தல்:

12-11-1961 பதிவில், நான்காவது பறவை குறித்து "துடிப்பு இருந்தது என்றே கருதினேன்" என்பதை "துடிப்பு இல்லை" எனவும், "உயிருடன் 6" என்பதை "உயிருடன் 5" எனவும் வாசிக்கவும்.

31-12-1961 பதிவில், "உயிருடன் 38" என்பதை "உயிருடன் 23, உயிரின்றி 15" என வாசிக்கவும். 3-12-1961 பதிவின் மைப்புள்ளிகள் பேனாவின் கோளாறு அல்ல, செத்த பறவைக்கு ஒன்று வீதம் நான் வைத்தவை.

21-1-1962 பதிவில், கரும்பு வண்டி என்று நான் சொன்னது கரும்பு வண்டி அன்று.

10-1-1962 பதிவில், மூன்று காரணங்களும் முழுவதுமாக அடிக்கப்பட்டு, அவற்றுக்குப் பதில் பின்வரும் ஒரே காரணம் சேர்க்கப்படுகிறது: கண் தெரிந்தால் அவர் பறவையைப் பார்த்துவிடுவார்.

இவ்வளவையும் எழுதி, ஜும்மாத் தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பிய பின், 2.20-க்குச் சென்று படித்துக் காட்டினேன். முதலிரண்டுக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "பதினஞ்சு இல்லை, பதினாறு. பூனை ஒண்ணைப் பக்கத்து வீட்ல போயித் தின்னுச்சு" என்றார். மூன்றாவதற்குப் புருவத்தைச் சுருக்கினார். நான்காவதைப் படித்து முடித்ததும் ஆட்டம் நின்றது.

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் தோள்துண்டில் துடைத்தார். இடக்கண்ணுக்கான பக்கத்தை நீண்ட நேரம் துடைத்தார். பிறகு வலப்பக்கத்தையும் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"தேதி என்ன சொன்னீங்க?"

"10-1-1962."

"புதன்கெழமை."

"ஆம்."

"அன்னைக்கு மைமூன் பணியாரம் சுட்டா. நீங்க மூணு தின்னீங்க."

பேனாவை அவர் பக்கம் நகர்த்தியிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. எழுந்து உள்ளே போனார். மைமூன் பீவி அடுக்களை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது "போயிட்டு வாங்கண்ணே" என்பவர், இன்று கதவைச் சாத்துவதற்காகக் கதவோரம் வந்து நின்றார். பூனை மட்டும் தெருமுனைவரை என் பின்னால் வந்தது.

18-11-1962, ஞாயிற்றுக்கிழமை

5.40. ராவுத்தர் வரவில்லை. 6.30 வரை நின்றேன். செய்தித்தாள் முழுவதும் எல்லைப் போர்ச் செய்தி. படிக்கவில்லை.

25-11-1962, ஞாயிற்றுக்கிழமை

5.40. வரவில்லை. வெள்ளி மட்டும் தெருமுனைக்குச் சென்று உட்கார்ந்திருந்தது. "வா" என்று அழைத்தேன். அது நான் கற்பித்த நான்கு சொற்களில் இல்லை. வரவில்லை.

28-11-1962, புதன்கிழமை

வெள்ளியை வேறெவருக்கேனும் கொடுத்துவிடலாமா என்று எண்ணினேன். பிழை அதனுடையது அன்று. கீறும் பறவையை நோக்கி அதை அனுப்பியது நான். தாசில்தார் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக.

2-12-1962, ஞாயிற்றுக்கிழமை

5.40-க்கு ராவுத்தர் தெருமுனையில் நின்றார். கையில் கெண்டி, இடுப்பில் கத்தி.

"வாங்க. வெயில் வந்துரும்" என்றார்.

வழியில் குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். கீழ்மடை உடைந்ததைப் பற்றிப் பேசினோம். 7.05-க்கு முதல் பறவை. வெள்ளி அதை என்னிடம் கொடுத்தது. கழுத்தில் துடிப்பு விரலுக்குத் தெரிந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையிலிருந்து பறவையை எடுத்து, தலையைச் சாய்த்து, இடக்கண்ணருகே பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மேற்கே திரும்பி அறுத்தார்.

இரண்டாவதையும் அவ்வாறே எடுத்துப் பார்த்தார். என் பையில் வைத்தார். மூன்றாவது வந்தபோது, "உயிர் இருக்கிறது" என்று நானே சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும். பறவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து முடித்த பிறகே கத்தியை விரித்தார்.

பிரியும்போது வெள்ளியின் தலையைத் தடவிக்கொடுத்தார். அடுத்த ஞாயிறும் 5.40-க்குத்தானே என்றேன். "ஆமா" என்றார். 16-11 பதிவின் அடியில் அவர் கையொப்பத்துக்காக விட்ட இடம் அப்படியே இருக்கிறது. அதை நிரப்பும்படி அவரிடம் கேட்கப் போவதில்லை.

கொண்டுவந்தது 5. உயிருடன் 3. உயிரின்றி 2. எண்கள் சரி.

ராவுத்தர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.